முதலில் பார்த்தவர்

அறுவை மருத்துவர் சிறு விளக்கை அக்காவின் வாய்க்குள் திருப்புகிறார். மேலண்ணத்தில் பட்டாணி அளவுப் புடைப்பு ஒன்று, வலியே தராமல், வழவழவென்று மின்னுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அபூர்வமான புற்றுநோய், அண்ணத்தில் பாதியை எடுத்தாக வேண்டும் என்று சற்றுமுன்தான் சொன்னார். பக்கத்தில் நிற்கும் தம்பி பல் மருத்துவன். இரண்டு வருடங்களுக்கு முன் இதே புடைப்பைப் பார்த்து, "ஒண்ணுமில்லக்கா, எலும்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று சிரித்து அனுப்பியவன். விளக்கு அணைகிறது. "இதை முதல்ல யார் பார்த்தது?" என்று கேட்கிறார் மருத்துவர். தம்பி வாயெடுப்பதற்குள் அக்காவின் கை அவன் மணிக்கட்டை இறுக்குகிறது. "நான்தான் டாக்டர், கண்ணாடியில பார்த்தேன்" என்கிறாள். "இவன்கிட்ட காட்டவே இல்ல. காட்டியிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பான்."