நுரைக்குள் போகும் வெளிச்சம்

அங்கமுத்துவை எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மகள் பிரியங்கா மட்டும் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"வெறும் சளிதானுங்கப்பா. மாத்திரைல சரியாயிரும்."

"செரி கண்ணு."

இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. பனியன் வெட்டுத்துணியை அரைத்துப் பஞ்சாக்கும் மில்லில் பாதி ஆயுசைக் கழித்தவர் அவர். பஸ் ஸ்டாப் வரை நடக்கவே மூச்சு போதாது. அவள், வடக்கே லேசர் கூடத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். அப்பா மில்லில் மயங்கி விழுந்த செய்தி கேட்டு, ரயிலில் கண்மூடாமல் வந்திருந்தாள்.

"நீயும் அங்க எக்ஸ்ரேதான எடுக்கறே?"

"எடுக்கறதில்லீங்கப்பா. உண்டாக்கறது."

அசதியோடுதான் ஆரம்பித்தாள். கெட்டி உலோகத்தில் லேசர் பட்டால் மேல்தோல் மட்டுந்தான் சூடேறும். அவள் செய்வது உலோக நுரை. பஞ்சுகூட அதன் பக்கத்தில் கனம். வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே ஆழம்வரை போய்விடும். மொத்த நுரையும் ஒன்றாகக் கொதித்து, எக்ஸ்ரேயாகக் கொட்டும். அத்தனை பிரகாசம் வேறெதிலும் வராது.

"அப்பறம் அந்த நுரை?"

"இருக்காதுங்கப்பா. கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் அவசரமாகக் கேட்டார். "நீ செஞ்ச நுரைய எப்ப சுடறாங்க?"

"அடுத்த வாரமுங்க. இந்தத் தடவை விட்டா அடுத்த வருஷந்தான் முறை வரும். பரவால்லீங்க, நான் வரலீன்னு சொல்லிட்டேன்."

அங்கமுத்து தூணைப் பிடித்து எழுந்தார். நெஞ்சுக்குள் கீச்சென்றது. இருமலை அடக்கிக்கொண்டார்.

"போன் பண்ணி, வாரேன்னு சொல்லு. நாளைக்கே கிளம்பு. சளி புடிச்சவனுக்கெல்லாம் ஆள் துணை எதுக்குக் கண்ணு?"

பிரியங்கா தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து போனை எடுத்தாள்.

போன தை மாதமே அவிநாசியில் ஒரு டாக்டர் அவருடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.