பதிலுக்காக நின்ற இழை

பேருந்தில் இருக்கை பதிவு செய்யும் ஒரு வலைத்தளத்தின் கணினி நிரலுக்குள், ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே செய்துமுடிக்கும் 'த்ரெட்' எனப்படும் இழைகளுக்கெல்லாம் தாய் இழை ஒன்று இருந்தது. யாராவது தளத்துக்கு வந்தால், அது ஒரு புது இழையை உண்டாக்கி, அவருடைய வேலையைப் பார்க்க அனுப்பிவிடும். வேலை முடிந்ததும் அந்த இழை மறைந்துவிடும்.

ஒருநாள் மரகதவல்லி என்ற பெண், பிரசவ வலி கண்ட தங்கையிடம் போக, அவசரமாக இடம் தேடி வந்தாள்.

"பேருந்து நிறுவனத்தின் கணினியிடம் கேட்டு அவளுக்குச் சொல்," என்று தாய் இழை ஒரு புது இழையை அனுப்பியது. எதுவரை காத்திருக்கலாம் என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டது.

இழை கேட்டது. பதில் வரவில்லை. கூடப் பிறந்த இழைகள் ஒவ்வொன்றாக வேலையை முடித்துக்கொண்டு போயின. கடைசியாகப் போன இழை நின்று சொன்னது:

"உன் ஆள் பக்கத்தை மூடிவிட்டு எப்போதோ போய்விட்டாள். இன்னும் ஏன் நிற்கிறாய்?"

"என்னைப் போகும்படி யாரும் சொல்லவில்லையே. அவள் திரும்பி வந்து கேட்டால்?"

அதுவும் போய்விட்டது. இழை தாயைக் கூப்பிட்டுப் பார்த்தது. புதிதாக வந்தவர்களுக்கு இழைகளை உண்டாக்குவதில் மூழ்கியிருந்த தாயின் காதில் அது விழவில்லை.

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. ஜன்னலோரத்தில் ஓர் இருக்கை காலியாம். இழை மரகதவல்லி இருந்த பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை.

"இடம் இருக்கும்மா, கிளம்புங்க," என்றது மெதுவாக.

அப்போதுதான் தாய் இழை திரும்பிப் பார்த்தது. "சொல்லிவிட்டாயா?"

"சொல்லிவிட்டேன்," என்றது இழை.

யாரிடம் என்று தாய் கேட்கவில்லை. இழை மறைந்தது.