ஆறாவது தூண்

ஒத்திகை பதினோரு மணிக்கு. பத்தேகாலுக்கே தாஸ் பேராலய வாசலுக்கு வந்துவிட்டார்.

மாரிக்குப்பத்திலிருந்து விடிகாலை ரயில். பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ. யாரும் வருவதற்கு முன்னால் ஒருமுறை தனியாக நடந்து பார்த்து, எங்கெங்கே மூச்சு முட்டுகிறது என்று தெரிந்துகொண்டு, முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

மகன் உதயா அவருக்கும் முன்பே வந்து படியில் நின்றிருந்தான்.

"வா நைனா. ஆள் இல்லாதப்பவே கோயில சுத்திக் காட்டிடுறேன்."

சனிக்கிழமை உதயாவுக்குக் குருப்பட்டம். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் கைபிடித்து மகனை வாசலிலிருந்து பீடம் வரை நடத்திப் போய்ப் பேராயரிடம் ஒப்படைக்க வேண்டும். அதுதான் வழக்கம். வாசலுக்கும் பீடத்துக்கும் நடுவே எட்டுத் தூண்.

தாஸால் இரண்டு தூண் தூரம் நடக்க முடியும். அதற்கு மேல் நின்றாக வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டவர். நெஞ்சு நிறையக் கல்தூசி. இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொன்னது அவருக்கும் மனைவி சம்பூர்ணத்துக்கும் மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை ஒரு ஊசி போட்டு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். இன்றைக்கு ஊசி இல்லை.

உதயாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரே பிள்ளை. போன வருஷம், 2001-இல், சுரங்கத்தை மூடியபோது குருமடத்திலிருந்து பெட்டியோடு வந்து நின்றவன். வேலைக்குப் போகிறேன் என்றான். சாப்பிடக்கூட விடாமல் தாஸ் அவனை அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார். அப்போது அவருக்குச் சத்தம் போடக் குரல் இருந்தது.

இருமலைப் பற்றிக் கவலையில்லை. சுரங்கத்தில் இருந்தவர்களில் இருமாதவர் யார்?

இரண்டாவது தூணில் நின்றார். நின்றதற்கு ஒரு காரணம் வேண்டும்.

"இத எப்படா கட்னாங்க?"

உதயா சொன்னான். முதலில் பட்டாளத்துக்காரர்களுக்கும் அவர்களுடைய சமையல்காரர்களுக்குமாக ஒரு கூரைக் கோயில். பிறகு ஓடு. இந்தக் கல் கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தது 1911-இல். நடுவில் உலக யுத்தம் வந்து, இரும்பு கிடைக்காமல், சுவர் இடுப்பளவில் நின்றுபோனது. பீடம் வரவேண்டிய இடத்தில் ஆலங்கன்று முளைத்ததாம். முடிக்க இருபது வருஷம் ஆனது.

அதற்குள் மூச்சு திரும்பிவிட்டது.

நாலாவது தூணில் தாஸ் மேலே காட்டினார்.

"அந்த வளைவு எப்படிடா நிக்குது? முட்டுக்கட்டையே காணோம்?"

"இன்னா நைனா, இன்ஜினியர் மாதிரி கேள்வி கேக்குற!"

"ஃபாதர் ஆவப்போறவன் தெரிஞ்சி வச்சிக்க வாணாமா?"

உதயா சிரித்தான். கீழே மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமிருந்தும் கல்லை அடுக்கிக்கொண்டே போய், உச்சியில் கடைசிக் கல்லை இறக்குவார்கள் என்றான். பிறகு சட்டத்தைப் பிரித்துவிடலாம். ஒரு கல் இன்னொரு கல்லைத் தள்ளும். தள்ளுவதால்தான் விழாமல் நிற்கும்.

தாஸுக்கு இது தெரியும். தெரியாதவர்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாந்தால் காற்று கொஞ்சம் தாராளமாக இறங்கியது.

ஆறாவது தூணுக்கும் கேள்வி தயாராக இருந்தது. கேட்கத்தான் காற்று இல்லை. வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

உதயா தானாகவே நின்றான்.

"இதப் பாத்தியா நைனா? இந்தத் தூணு மட்டும் இத்தாலிலேருந்து வந்தது."

கப்பலில் வந்ததாம். மெட்ராஸ் துறைமுகத்தில் மூன்று மாதம் கேட்பாரற்றுக் கிடந்ததாம். இருபத்துநாலு மாடு பூட்டிய வண்டியில் ஏற்றினார்களாம். வாணியம்பாடிப் பக்கம் ஆற்றுமணலில் சக்கரம் புதைந்து, பங்குச் சாமியார் நாலு ராத்திரி தூணுக்குப் பக்கத்திலேயே படுத்துக் காவல் இருந்தாராம். ஒரு மாடு செத்துப்போனது. அந்த மாட்டின் பெயர்கூட உதயாவுக்குத் தெரிந்திருந்தது.

தாஸ் தூணில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்தார்.

கைக்குத் தெரிந்துவிட்டது.

சாம்பல் கல். நடுநடுவே கறுப்புப் புள்ளி. கோலார் பக்கம் வேலிக்கு நடுகிற கல். திரும்பிப் பார்த்தார். ஐந்தாவது தூணும் அதே கல். ஏழாவதும் அதே கல்.

மகனைப் பார்த்தார்.

அவன் தூணைப் பார்க்கவில்லை. அவருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, செத்த மாட்டுக்குப் பதிலாக இன்னொரு மாட்டை வண்டியில் பூட்டிக்கொண்டிருந்தான்.

வாசலிலிருந்து அவன் எடுத்து வைத்ததெல்லாம் சின்னச் சின்ன அடி என்பது தாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆலங்கன்று முளைத்தது நிஜமா என்பதும் இனித் தெரியப் போவதில்லை.

அவர் அவனைத் தடுக்கவில்லை. வண்டி பெங்களூர் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சும் வந்து சேர்ந்தது.

வாசல் பக்கம் ஆட்கள் கூடியிருந்தார்கள். காக்ஸ் டவுனில் தங்கை வீட்டில் தங்கியிருந்த சம்பூர்ணமும் வந்துவிட்டாள். ஒத்திகை நடத்துகிற சாமியார் கையைத் தட்டி எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

உதயா போகவில்லை. சொல்வதற்குக் கதையும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உதயா," என்றார் தாஸ். "சனிக்கிழமை பட்டத்துக்கு நீ வருவ இல்ல?"