மீந்த சீட்டு

“அந்த ஆயா பக்கத்துல ஏன் யாருமே உக்கார மாட்டேங்கிறாங்க?” என்று போன கிறிஸ்துமஸ் விழாவில் பேத்தி ஹெப்சி கேட்டபோது, ஞானஜோதி டீச்சர் அவளைக் கேக் மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த முடிச்சூர் முதியோர் குடியிருப்பில், நிலம் விற்ற காசில் வந்த படிக்காத செல்லியம்மாளை யாருக்கும் பிடிக்காது. அந்த விழாவுக்கு யார் யாருக்குப் பரிசு தருவது என்று சீட்டு எடுத்தபோது, டீச்சருக்கு அந்தப் பெயர்தான் வந்தது. சீட்டைக் கசக்கி எறிந்தார். விழாவில் செல்லியம்மாள் மட்டும் கடைசி நாற்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். ஆடி மாதம் இறந்துபோனார்.

இந்த ஆண்டு டீச்சரே முப்பது பெயர்களை எழுதினார். முப்பது பேரும் எடுத்த பிறகு டப்பாவில் ஒரு சீட்டு மீந்திருந்தது. டீச்சர் எழுதாத பெயர், ஆனால் டீச்சருடைய கையெழுத்தேதான்: செல்லியம்மாள்.

“செத்தும் வுடமாட்டா போல கீது!” என்றார் பக்கத்து அறை சந்திரிகா. எல்லாரும் சிரித்தார்கள்.

“கிழிச்சுப் போடுங்க டீச்சர்,” என்று குடியிருப்புச் செயலாளர் தேவானந்தம் சார் அதட்டினார்.

டீச்சர் கிழித்துப் போட்டார். மறுநாள் டப்பாவில் அதே பெயர், போன ஆண்டு அவர் கசக்கி எறிந்த அந்தக் கசங்கிய சீட்டில் கிடந்தது.

விழாவன்று எல்லாரும் பிரியாணிக்கு எழுந்து போனார்கள். டீச்சர் மட்டும் பின்தங்கி, தான் வாங்கி வந்த கம்பளிச் சால்வையைக் கடைசி நாற்காலியின் முதுகில் விரித்தார்.

குளிரில் இருப்பவர்கள் இழுத்துப் போர்த்திக்கொள்வதுபோல், சால்வையின் இரண்டு முனைகளும் மெல்ல ஒன்றுசேர்ந்தன.