அந்தச் செருமல்

"ம்க்கும்... 'ஓடுது சார்'னு சொல்லாதே. ஓடத்தான் செய்யும். தப்பா ஒண்ணு குடுத்துப் பார்த்தியா? வயசு கேக்குற கட்டத்துல மைனஸ் மூணுன்னு போடு. அதையும் பேசாம வாங்கி வெச்சுக்கிச்சுன்னா உன் புரோகிராம் தூங்குதுன்னு அர்த்தம். ம்க்கும்."

குரல் டீம் லீடுடையது. வாய் மட்டும், இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருந்த கல்லூரிப் பையனுடையது.

காபி மெஷினைச் சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிலும் அந்த 'ம்க்கும்' இருக்கிறதே, வாக்கியத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அச்சு அசல். கல்லூரியில் அவனுக்கு 'மைனா' என்று சும்மாவா பேர் வைத்தார்கள்? லிஃப்டில் மாடி சொல்லும் பெண்ணிலிருந்து பிரின்சிபால் வரை அத்தனை பேரும் அவன் தொண்டையில் குடியிருந்தார்கள்.

பாதிச் சிரிப்பில் எல்லா முகமும் உறைந்தது.

"ம்க்கும்," என்றது அவன் முதுகுக்குப் பின்னால். இது அசல்.

"மீட்டிங் ரூமுக்கு வா."

"போச்சு. பையை எடுத்து வெச்சுக்கோ," என்று டெஸ்டிங் அக்கா முணுமுணுத்தாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தாத்தானே."

கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. சர்டிஃபிகேட் இல்லாமல் வீட்டுக்குப் போனால் அப்பா தோலை உரித்துவிடுவார். மைனா முந்திக்கொண்டான்.

"சாரி சார். இனிமே..."

"இன்னொரு தடவை பேசு."

"சார்?"

"என்னை மாதிரி. 'அம்மா, நான்தான்மா, மீட்டிங்ல இருந்தேன்'னு சொல்லு."

சொன்னான். பழக்க தோஷத்தில் செருமலும் சேர்ந்து வந்தது.

டீம் லீட் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தச் செருமல் எத்தனையோ மாசமா இருக்கு. உள்ளே ஒரு கட்டியாம். நாளைக்கு ஆபரேஷன். அப்புறம் டாக்டர் சொல்ற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. தினம் சாயங்காலம் போன் பண்ணுவாங்க. எங்கப்பா இதே மாதிரி தொண்டைக்கு ஆபரேஷன்னு உள்ளே போனவர்தான். திரும்பி வரலை. இதைக் கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க."

இதையா இத்தனை நாளும் செய்து காட்டிக் கைதட்டு வாங்கினோம் என்று மைனாவுக்கு உறைத்தது.

"அவங்க பண்ற போனை உன் நம்பருக்குத் திருப்பி விடறேன். என் குரல்ல ரெண்டு வார்த்தை பேசிடு. பெத்தவளையே ஏமாத்தச் சொல்றானேன்னு நினைக்காதே தம்பி."

"இல்ல சார். பேசறேன்."

மறுநாள் சாயங்காலம் போன் அடித்ததும் மைனா அதே ரூமுக்கு ஓடினான்.

"ம்க்கும். சொல்லும்மா."

"என்னடா, சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. வேலை கொஞ்சம் இழுத்துடுச்சு."

அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை.

"உன் சித்தப்பா வந்துட்டுப் போனார்டா."

"அப்படியா? நல்லா இருக்காராம்மா?"

"இருக்காரு, இருக்காரு. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டரையே முறைச்சுக்கிட்டு இருக்காதே."

'சூப்பரா ஓடுது சார்' என்று மைனா செய்தி அனுப்பினான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒரு கட்டைவிரல் பதிலாக வந்தது.

நாளாக நாளாக அந்தப் போனுக்கு மைனாவே காத்திருக்க ஆரம்பித்தான். ஹாஸ்டல் பையனைச் சாப்பிட்டியா என்று வேறு யார் கேட்கிறார்கள்? ஒரு நாள் அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்: "ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களைத் திட்டாதேடா. பாவம், பயந்துடும்."

"இனிமே திட்ட மாட்டேம்மா," என்று டீம் லீட் சார்பில் மைனா தாராளமாக வாக்குக் கொடுத்தான்.

இன்டர்ன்ஷிப் முடிகிற வாரத்தில் டீம் லீட் திரும்பி வந்தார். குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனால் தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. செருமல் போன இடம் தெரியவில்லை.

"இன்னிக்கு நானே பேசறேன். நீ கூட இரு. எங்கேயாவது முழிச்சா எடுத்துக் குடு," என்றவர், போன் வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா, நான்தான்மா."

"என்ன தம்பி, இன்னிக்கு அந்தச் செருமலையே காணோம்? மறந்துட்டியா?"

டீம் லீட் மைனாவைப் பார்த்தார். மைனா டீம் லீடைப் பார்த்தான்.

"பயப்படாதேப்பா. எனக்கு முதல் நாளே தெரியும். சித்தப்பா வந்தார்னு சொன்னேன், நல்லா இருக்காரான்னு கேட்டியே. என் பையனோட அப்பாவும் ஒத்தைப் பிள்ளை, நானும் ஒத்தைப் பொண்ணு. எங்கேயிருந்துப்பா வருவார் சித்தப்பா?"

தப்பாக ஒன்று கொடுத்துப் பார்த்திருக்கிறாள். மைனாவின் புரோகிராம் தூங்கியிருக்கிறது.

"செருமிக்கிட்டே இருந்தவன் திடீர்னு ஆளை வெச்சுப் பேசறான்னா, எங்கே போய்ப் படுத்திருக்கான்னு எனக்குத் தெரியாதா? உன் பேச்சு கலகலப்பா இருந்தா, அன்னிக்கு அவன் நல்லா இருக்கான்னு அர்த்தம். அப்படித்தான்பா இத்தனை நாளை ஓட்டினேன்."

டீம் லீட் வாயைத் திறந்தார். டாக்டர் சரி பண்ணி அனுப்பிய தொண்டைதான். சத்தம்தான் வரவில்லை.

"அவன் பக்கத்துல இல்லையே? எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதே ராசா. அம்மாவுக்குத் தெரியாதுங்கிற நிம்மதியிலதான் அவனுக்குப் புண்ணு ஆறும்."

மைனா ஏதோ சொல்ல வந்தான். டீம் லீட் கையமர்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கல்லூரிப் பையனின் குரலில் மிமிக்ரி செய்தார்.

"சரிங்கம்மா. சார்கிட்ட சொல்ல மாட்டேன்."