பேசாமல் இருக்கும் உரிமை

“வாசல்ல போலீஸ் நிக்குது. என்ன சொல்லுவ?”

“வாங்க, உக்காருங்கன்னு சொல்லுவேனுங்க.”

ஜெயபிரகாஷ் கையிலிருந்த மஞ்சள் மார்க்கரைத் தரையில் விட்டெறிந்தான். “திருப்பூர் புத்தி! வாங்கன்னு சொன்னா இங்க அதுக்குப் பேரு கன்சென்ட், சம்மதம். அப்புறம் வாரன்டே தேவையில்ல, நேரா பெட்ரூம் வரைக்கும் வருவான்.”

வான்மதி விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து மார்க்கரை எடுத்துக் கொடுத்தாள். பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவள். திட்டு வாங்கிக்கொண்டே வேலை பழகுவது அவளுக்குப் புதிதில்லை.

அவள் புருஷனுக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை. பகலில் ஐ.டி. வேலை, சாயங்காலம் சட்ட வகுப்பு. அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் அப்பார்ட்மென்டில் சோறு வைக்கிற மேஜை முழுக்க வழக்குகள். படித்ததை அவளிடம் கத்தி ஒப்பித்தால்தான் அவன் மண்டையில் ஏறும்.

“இந்தக் கேஸ்ல இவன் ஏன் மாட்டினான்? வாயத் திறந்தான். அடுத்த கேஸ்ல அவன் ஏன் தப்பிச்சான்? வக்கீல் வர்ற வரைக்கும் மூடிட்டு இருந்தான். புரியுதா?”

“புரியுதுங்க.”

“என்ன புரிஞ்சுது? நீ ஒரு வார்த்த தப்பா விட்டா என்னை விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போவான். என் விசா போச்சுன்னா உன் விசாவும் போச்சு. பொட்டியத் தூக்கிட்டுப் போய் உங்கப்பன் மூஞ்சில முழிப்பியா? எங்க, இங்கிலீஷ்ல சொல்லு.”

“ஐ டோன்ட் வான்ட் டு டாக்.”

“அவ்ளோதான். அதுக்கு மேல மூச்சு விடக் கூடாது. ஆமா, குப்பை போட்டுட்டு வர இருபது நிமிஷமா?”

“எதுத்த வீட்டு விசாலாக்ஷி ஆன்ட்டி புடிச்சு நிறுத்திப் பேசினாங்க.”

“அந்தப் பொம்பளைக்கு வேற வேலை இல்ல.”

அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

கதவு லென்ஸ் வழியாகப் பார்த்த ஜெயபிரகாஷின் முகம் வெளுத்தது. கதவை ஒரு சாண் மட்டும் திறந்தான். வெளியே இரண்டு போலீஸ்காரர்கள்.

“இந்த வீட்டைப் பற்றி ஒரு போன் கால் வந்தது. உள்ளே வந்து பார்க்கலாமா?” என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“வாரன்ட் இருக்கா?”

“இல்லை.”

“அப்படின்னா முடியாது.” படித்தது பலித்தது. அவன் குரலில் நடுக்கம் போய்விட்டது.

வான்மதி பக்கம் திரும்பித் தமிழில் முணுமுணுத்தான். “அந்த ஆன்ட்டிதான் போட்டுக் குடுத்திருக்கா. அவளை அப்புறம் பாத்துக்கறேன்.” கதவுக்குப் பின்னால் அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின.

போலீஸ்காரர் இடுக்கு வழியே அவளைப் பார்த்தார். “மேடம், நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா?”

“அவளுக்கு இங்கிலீஷ் வராது” என்று ஜெயபிரகாஷ் குறுக்கே விழுந்தான். பிடித்த கையை ஒரு திருகு திருகினான். “ம், சொல்லித் தொலை.”

போலீஸ்காரர் காத்திருந்தார். வான்மதி இடுக்கை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

“ஐ கால்டு யூ, சார்.”