விரிசல் படங்கள்

மறுபடியும் படங்கள் பாதி ஏறித் திரை உறைந்தபோது, இது யாரோ வேண்டுமென்றே செய்கிற வேலை என்று எஞ்சினியரம்மாவுக்கு நிச்சயமாகிவிட்டது. மெமரி கார்டை உருவி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

பழைய கட்டடங்களைச் சோதித்து, நிற்குமா விழுமா என்று சொல்வது அவள் வேலை. முந்தின நாள் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பு விழத் தயாராக நின்றது. அதன் தூண்களில் ஓடிய விரிசல்களை ஒன்றுவிடாமல் படமெடுத்து வந்திருந்தாள். அவற்றை அலுவலகத்தின் பொது டிரைவில் ஏற்றினால்தான் வெளியூரில் இருக்கும் மேலதிகாரி பார்த்து, அங்கே குடியிருப்பவர்களை வெளியேற்ற உத்தரவு வாங்க முடியும். மெயிலில் அனுப்ப முடியாத அளவுக்குப் படங்கள் கனம்.

பொது டிரைவ் என்பது கடைசி அறையில் இருக்கும் ஒரு பெட்டி. எல்லோருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குத்தான் கோப்புகள் போகும். அன்று கடிதங்கள் போயின, வரைபடங்கள் போயின. இந்தப் படங்களை அனுப்பும்போது மட்டும் பாதி வழியில் எல்லாம் செத்துப்போனது.

காலையில் அந்தக் குடியிருப்பைக் கட்டியவர் போனில் பேசியிருந்தார். அதட்டவில்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்றார். மகள் படிக்கிற பள்ளியின் பேரைச் சொல்லி, நல்ல பள்ளி என்றார். கடைசியில், "அந்தப் படமெல்லாம் எங்கயும் போய்ச் சேராதும்மா. வீணா அலையாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. கணவனைக் கூப்பிட்டு, குழந்தையைப் பள்ளியிலிருந்து உடனே அழைத்து வரச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். எதிர் மேசைப் படவரைவாளர் ஒரு காலத்தில் அந்தக் குடியிருப்பைக் கட்டியவரிடம் வேலை பார்த்தவர். அவள் நிமிர்ந்து பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டதாகத் தோன்றியது.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்தார். எந்தக் கோளாறுக்கும் முதல் வைத்தியமாக அணைத்துவிட்டுப் போடச் சொல்வதால் அலுவலகத்தில் அவருக்கு 'ரீஸ்டார்ட்' என்றே பேர். அன்றும் அதில்தான் ஆரம்பித்தார். பலிக்கவில்லை. கம்பியை மாற்றினார், கம்ப்யூட்டரை மாற்றினார். கடைசியில் பெட்டியையே கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியை அதே இடத்தில் பொருத்தினார். அதுவும் பாதியில் நின்றது.

ரீஸ்டார்ட்டின் முகம் மாறிப்போனது. கொஞ்சம் உள்ளே வாருங்கள் என்று அவளைக் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். அந்த அறையின் அலுமினியக் கதவு நிலையோடு இறுகிக் கிடந்தது. தோளால் முட்டித் திறந்தவர், மழைக்கு உப்பிவிட்டது போல என்று முணுமுணுத்தார். அலுமினியம் மழைக்கு உப்புமா என்று அவள் யோசிக்கவில்லை.

அறையில் சன்னல் கிடையாது. தூணில் அடித்த இரும்புத் தட்டில் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதன் விளக்குகள் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரிந்தன.

"மேடம், இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற டிஸ்க் ஒரு பயந்தாங்கொள்ளி. யாராவது ஆட்டுனா, எழுதுறத அப்படியே நிறுத்திட்டு ஒதுங்கிக்கும். சின்னக் கோப்புன்னா அதுக்குள்ள போய்ச் சேந்துரும். உங்க படம் ஏற நேரமாகுது, அதான் மாட்டிக்குது."

"யார் ஆட்டுறாங்க?"

"அதான் புரியல. காலையிலேர்ந்து யாரோ அடிச்சிட்டே இருக்கிற மாதிரி காட்டுது. ரூம் சாவி என் பையிலதான் இருக்கு."

போனில் மிரட்டின ஆள் இந்த அறைக்குள் வரைக்கும் வந்துவிட்டானா? அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள், மேசைக்கு அடியில் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். பெட்டியின் விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எங்கிருந்தோ 'டொக்' என்று ஒரு சத்தம், விரலைச் சொடுக்கினதுபோல. சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை.

எஞ்சினியரம்மா தட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தபோது விரல்களில் மாவு மாதிரி சிமென்ட் பொடி ஒட்டியிருந்தது. போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் குனிந்தவள், முந்தின நாள் படமெடுத்தது போன்ற விரிசல் இந்தத் தூணிலும் ஓடுவதைப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது, மிரட்டினவரும் படவரைவாளரும் அவள் நினைவிலேயே இல்லை. வெளியே யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சார், ஆட்டுனது ஆள் இல்ல, இந்தத் தூண். எல்லாரையும் சத்தமில்லாம கீழ இறக்குங்க. விழப்போறது நம்ம கட்டடம்."